மாட்டின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு



மாட்டை நாம் வீட்டில் ஓர் ஆளாகத்தான் வைத்திருக்கிறோம். பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறோம். நாம் சாப்பிடுவதில் ஒரு கை அதற்கும் வைக்கிறோம். எல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பாசத்திலே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நமக்கு நல்லது மாட்டுக்கும் நல்லது, நம் கண்ணுக்குத் தெரிவது அதன் கண்ணுக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் நஷ்டம் ஆரம்பிக்கிறது. பால் குறைகிறது, சினை தவறுகிறது, சில சமயம் மாடே போய்விடுகிறது. ஆகவே, மாட்டின் உடம்பு நம் உடம்பிலிருந்து எங்கெல்லாம் மாறுபடுகிறது, அதனால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் கண். நம் இரண்டு கண்ணும் முகத்துக்கு முன்னால் இருக்கின்றன. மாட்டுக்குத் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சுவர்க் கடிகாரத்தைத் தரையில் படுக்க வைத்து, அதன் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பாமல் நாம் பார்க்கக்கூடியது பன்னிரண்டு மணியில் ஏறக்குறைய ஆறு மணி அளவு. மாடு பார்ப்பதோ பதினோரு மணி அளவு! நேர் பின்னால், வாலுக்குப் பின்புறம் இருக்கிற கொஞ்சம் இடம்தான் அதற்குத் தெரியாது.

உதைக்கிற மாடு என்று பேர் வாங்கிய மாடுகளில் பல, இந்தத் தெரியாத இடத்திலிருந்து யாரோ சத்தமில்லாமல் வந்து கை வைத்ததால் உதைத்தவைதான். புலி வந்தாலும் அப்படித்தானே வரும்? ஆகவே மாட்டிடம் போகும்போது பக்கவாட்டில், தோள் பக்கமாகப் போங்கள். முதலில் குரல் கொடுங்கள். பிறகு முதுகில் கை வைத்து, அப்படியே பின்னால் நகருங்கள்.

இவ்வளவு அகலமாகப் பார்க்கிற மாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு பொருள் எவ்வளவு தூரம், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு அப்படிச் சேர்கிற இடம் முகத்துக்கு நேர் முன்னால் கொஞ்சம்தான். அதனால் பாதையில் கிடக்கிற மர நிழலும் அதற்குப் பள்ளம் மாதிரி இருக்கும். சின்ன வாய்க்காலைக் கண்டாலும் நின்றுவிடும். தலையைத் தாழ்த்திப் பார்த்த பிறகுதான் கால் வைக்கும். நாம் என்ன செய்கிறோம்? "சண்டி மாடு" என்று வாலை முறுக்குகிறோம். ஒரு நிமிஷம் தலையை இறக்கிப் பார்க்க விட்டால் அதுவே நடந்துவிடும்.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு பெண்மணி. கால்நடை அறிவியல் பேராசிரியர். மாடுகள் நடக்க மறுக்கிற பாதைகளில் இவரே இறங்கி, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். தொங்கி ஆடுகிற ஒரு சங்கிலி, வேலியில் யாரோ போட்டு வைத்த சட்டை, தரையில் பளிச்சென்று அடிக்கிற தண்ணீர், இவைதான் மாட்டை நிறுத்தின. அவற்றை எடுத்ததும் மாடுகள் அடி இல்லாமல் நடந்தன. நீங்களும் உங்கள் தொழுவ வாசலில் ஒருநாள் குனிந்து பாருங்கள். வெயிலிலிருந்து இருட்டுக்கு வரும்போது மாட்டின் கண் நம் கண்ணைவிட மெதுவாகத்தான் பழகும். உள்ளே ஒரு விளக்குப் போட்டால் தயங்காமல் நுழையும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்புத் துணியைக் கண்டால் காளை பாயும் என்பார்கள். நம் கண்ணில் நிறம் பிரிக்கிற அணுக்கள் மூன்று வகை. பசு, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றுக்கு இரண்டு வகைதான் என்று 1998-ல் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. சிவப்பு அதற்குத் தனியாகத் தெரியாது. துணி ஆடுவதுதான் அதை உசுப்புகிறது. நீலத் துணியை ஆட்டினாலும் பாயும்.

அடுத்தது காது. நம் காதுக்கு எட்டாத மிகக் கீச்சான சத்தமும் மாட்டுக்குக் கேட்கும். வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் நமக்குக் கேட்கிறது. மாட்டுக்கு 35,000 வரை கேட்கிறது என்று 1983-ல் அமெரிக்காவில் ஹெஃப்னர் தம்பதியர் சோதித்துச் சொன்னார்கள். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் நாம்தான் கெட்டிக்காரர்கள். அதே கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சின்ன வித்தியாசத்தையும் நம் காது பிடித்துவிடும். மாட்டின் காதுக்கு ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள அளவு வித்தியாசம் வேண்டும். அதாவது சத்தம் நன்றாகக் கேட்கும், எங்கே என்றுதான் சட்டென்று தெரியாது. தகர வாளி விழுந்தால் அது ஏன் திகைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

இதற்கும் பாலுக்கும் சம்பந்தம் உண்டு. மடியில் பால் ஊறியிருப்பது ஒன்று, அது காம்புக்கு இறங்குவது இன்னொன்று. கன்று முட்டினாலோ, நீங்கள் மடியைக் கழுவித் துடைத்தாலோ, பழகிய குரல் கேட்டாலோ, மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்கிற சுரப்பு இரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து பாலை இறக்கும். இதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த வேகம் ஏழெட்டு நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மாடு பயந்தால் வேறொரு சுரப்பு வந்து இதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்கிறோமே, அது மாட்டின் திருட்டுத்தனம் இல்லை, பயம். ஆகவே கறக்கும் இடத்தில் நாய் வேண்டாம், கூச்சல் வேண்டாம், அடி வேண்டவே வேண்டாம். பாலை இறக்க ஊசி தேடி ஓடவும் வேண்டாம். கறந்த பிறகு காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு சாணத்தில் படுக்காதபடி கொஞ்சம் தீவனம் போட்டு நிற்க வையுங்கள். மடி நோய் வரும் வாய்ப்பு குறையும்.

இனி மூக்கு. வாசனையை வாங்குகிற கருவிகள் நம் மூக்கில் ஏறத்தாழ 400 வகை. மாட்டுக்கு ஆயிரத்துக்கு மேல். இது போதாதென்று அதன் மேல்வாயில் இன்னொரு மூக்கும் உண்டு. ஜேக்கப்சன் உறுப்பு என்று அதற்குப் பேர். காளை பசுவின் மூத்திரத்தை முகர்ந்துவிட்டு, தலையைத் தூக்கி மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்குமே, பார்த்திருப்பீர்கள். சிரிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது சிரிப்பில்லை. பசு பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று அந்த இரண்டாவது மூக்கால் சோதிக்கிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? முன்பெல்லாம் ஊரில் பொலிகாளை இருந்தது. பருவத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை அதன் மூக்கு பார்த்துக்கொண்டது. இன்றைக்குப் பெரும்பாலும் சினை ஊசிதான். காளையின் மூக்கு செய்த வேலையை நம் கண் செய்ய வேண்டியிருக்கிறது. பசுவுக்கு 21 நாளுக்கு ஒரு தடவை பருவம் வரும். அதுவும் ஒரு பகலோ ஓர் இரவோதான் நிற்கும். அடிக்கடி கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது, மற்ற மாடு தாவினால் அசையாமல் நிற்பது, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவது, இவைதான் அடையாளம். எருமை கத்தாமலும் பருவத்துக்கு வரும், அதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. ஒரு தடவை விட்டுவிட்டால் 21 நாள் தீவனமும் 21 நாள் காத்திருப்பும் வீண்.

இப்போது வாய்க்கு வருவோம். பெரியவர்களுக்குப் பல் 32. பல் சேர்ந்த மாட்டுக்கு எத்தனை? அதற்கும் 32 தான்! ஆனால் இருக்கிற இடம் வேறு. மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஒரு மெத்தைதான். கீழே எட்டு முன்பல். மற்ற 24-ம் கடைவாயில். அதனால் மாடு நம்மைப் போல் கடித்துப் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லும் மேல்மெத்தையும் பிடித்து அறுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். அப்புறம் நிழலில் படுத்து ஒவ்வொரு கவளமாக மேலே கொண்டுவந்து நிதானமாக அசைபோடும்.

நம் சோற்றில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் பல்லில் தட்டும், துப்பிவிடுவோம். மாடு அப்படியில்லை. வைக்கோலோடு ஆணி வந்தாலும், கம்பித் துண்டு வந்தாலும், தைக்கிற ஊசி வந்தாலும் உள்ளே போய்விடும். போய் எங்கே தங்கும்? மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். ஆட்டுப் போட்டி கழுவின தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். டர்க்கி டவல் மாதிரி சொரசொரப்பாக இருப்பது பெருவயிறு. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது. புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது மூன்றாவது. நான்காவதுதான் நம்முடைய இரைப்பை மாதிரி செரிமானச் சாறு சுரக்கிற வயிறு.

கனமான இரும்பெல்லாம் போய் விழுவது அந்தத் தேன்கூட்டு வயிற்றில். அதற்கு முன்னால் ஒரு மெல்லிய தசைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் இருதயம்! வயிறு ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் குத்தும். நிறைமாதச் சினையில் கர்ப்பப்பை அழுத்தும்போது இன்னும் வேகமாகக் குத்தும். மாடு தீனி எடுக்காது, முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும், முழங்கையை விரித்து வைத்துக்கொள்ளும், பிறகு மார்புப் பக்கம் வீங்கும். வீங்கின பிறகு காப்பாற்றுவது கடினம். சில நாடுகளில் மாட்டுக்கு ஒரு காந்தக் கட்டியை விழுங்க வைத்துவிடுகிறார்கள். அது தேன்கூட்டு வயிற்றிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீடு கட்டுகிற இடத்தில் கிடக்கிற கட்டுக்கம்பியைப் பொறுக்கிவிடுங்கள். தொழுவத்துப் பக்கம் டயர் கொளுத்தாதீர்கள், டயர் எரிந்தாலும் உள்ளே இருக்கிற கம்பி எரியாது. மிச்சம் மீதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுகிற பழக்கத்தையும் விடுங்கள். பை செரிக்காது, வெளியேயும் வராது.

இதைவிட முக்கியமான விஷயம் சோறு. நம் இரைப்பை ஒன்று, ஒன்றரை லிட்டர் கொள்ளும். பெரிய கலப்பினப் பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத வைக்கோலைப் பிரித்து மாட்டுக்கு உணவாக்குவது அவைதான். நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த நுண்ணுயிர்களுக்குப் போடுகிறோம், அவை மாட்டுக்குப் போடுகின்றன. அவை பிழைக்க வேண்டுமானால் உள்ளே புளிப்பு ஏறக்கூடாது. அதற்காகத்தான் பெரிய பசு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறவைக்கிறது. நமக்கு ஊறுவது ஒன்றரை லிட்டர்கூட இராது. அந்த எச்சிலில் இருக்கிற சோடா உப்புதான் புளிப்பை அடக்குகிறது. வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லத்தான் அந்த எச்சில் ஊறும்.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு வைத்தால் என்ன ஆகும்? மெல்ல வேண்டிய வேலையே இல்லை, எச்சில் ஊறாது. சோற்றை நுண்ணுயிர்கள் அவசரமாகப் புளிக்க வைத்துவிடும். புளிப்பு ஏறி அந்த நுண்ணுயிர்களே செத்துப்போகும். புளிப்பு இரத்தத்திலும் கலந்துவிடும். மாலையில் ஆசையாகத் தின்ற மாடு காலையில் அசைபோடாமல் சோர்ந்து நிற்கும், புளிச்ச வாடையோடு கழியும், படுத்துவிடும். நமக்கு விருந்து, அதற்கு விஷம். மாடு அவிழ்த்துக்கொண்டு போய் நெல் மூட்டையையோ அரிசியையோ தின்றுவிட்டாலும் இதே கதைதான். கைவைத்தியம் பார்த்துக் காலத்தைக் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வாயைத் தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றாதீர்கள். மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும்.

பெருவயிறு நன்றாக வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அது இடது பக்கம் இருக்கிறது. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் மூடிய கையை அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து ஒரு அலை வந்து கையைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ஏதோ கோளாறு. அந்தப் பள்ளமே மேடாகப் புடைத்திருந்தால் வயிறு உப்புசம்.

உடம்புச் சூட்டையும் நம் கையால் அளக்கக் கூடாது. நமக்கு 98.6 டிகிரி இயல்பு. பசுவுக்கு 101, 102 டிகிரி வரை இயல்புதான். கோழிக்கு 106-க்கு மேலேயே இருக்கும். அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது, வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். எருமையைப் பொறுத்தவரை இன்னொன்று. அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு, தோலும் கறுப்பு. குட்டையில் போய்ப் புரள்வது சோம்பலால் இல்லை, அதுதான் அதன் வியர்வை. குட்டை இல்லாத ஊரில் மத்தியான வேளையில் இரண்டு தடவை தண்ணீராவது ஊற்றுங்கள்.

கடைசியாக, கன்று. பசு கன்றைச் சுமப்பது சுமார் 280 நாள். மனிதத் தாய்க்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நோயை எதிர்க்கிற சக்தியை மனிதத் தாய் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். பசுவின் நஞ்சுக்கொடி அந்தச் சக்தியைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடுதான் பூமிக்கு வருகிறது. அந்தச் சக்தி முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் நேரம் ஆக ஆக அந்தக் கதவு மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் போனால் மூடியே விடும்.

பல ஊர்களில் என்ன செய்கிறார்கள்? நஞ்சு விழுகிற வரை கன்றை ஊட்ட விடுவதில்லை. நஞ்சு விழ எட்டு மணி நேரமும் ஆகும், பத்து மணி நேரமும் ஆகும். கதவு பாதி மூடின பிறகு பால் கொடுக்கிறோம். பத்து நாளில் கன்று கழிந்து செத்தால் கண்ணேறு என்கிறோம். கன்று ஊட்டினால் நஞ்சு சீக்கிரம் விழுமே தவிர, தங்காது. பால் இறக்குகிற அதே சுரப்புதான் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கிறது. ஆகவே பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாகக் கொடுங்கள். கன்று வயிறு நிறைந்த பிறகு மிஞ்சினால் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திரட்டுப்பால் கிண்டலாம். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் நஞ்சு விழவில்லையானால் கையால் இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

விவசாயப் பெருமக்களே, வாயில்லா ஜீவன் என்று மாட்டைச் சொல்கிறோம். தனக்கு என்ன செய்கிறது என்று அது சொல்லாதுதான். ஆனால் நிழலைக் கண்டு நிற்பதும், சத்தத்துக்குத் திகைப்பதும், முதுகை வளைப்பதும், அசைபோடாமல் நிற்பதும் அதன் பேச்சுத்தான். இன்று சாயங்காலம் பால் கறக்கப் போகும்போது, இடது பக்கப் பள்ளத்தில் கை வைத்து இரண்டு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். சினை மாடு இருந்தால், கன்று பிறக்கிற அன்று சீம்பால் யாருக்கு முதலில் என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.